எதிரில் உட்காரும் உத்தியோகம்

நம் விடுதிக்குப் புதிதாக ஒரு சதுரங்கப் பலகை வந்திருக்கிறது. வந்த வாரத்திலேயே இரண்டு பெண்கள் பேச்சை விட்டுவிட்டார்கள். ஒருத்தி ஆடும்போது காலை ஆட்டுகிறாளாம், பெஞ்சு முழுக்கக் கிடுகிடுக்கிறதாம். மற்றவள் காய் வெட்டும்போதெல்லாம் "ஐயோ பாவம்" என்கிறாளாம். இரண்டு பேரும் என்னிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். இந்த ஆட்டத்தை நான் வேலையாகவே செய்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சனிக்கிழமைக் கூட்டத்துல எழுந்து நாலு வார்த்தை சொல்லுங்க பெரியம்மா" என்றார்கள். கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு முழங்கால்தான் பேசும், வாய் பேசாது. அதனால் உங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன் என்றேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் உத்தியோகம் எதிரில் உட்காருவது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, வேலூர் என்று தோல் வியாபாரிகளின் பெரிய வீடுகளில் வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் மத்தியானத்தில் சதுரங்கம் ஆடுவார்கள். ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு நேரம் இருக்காது. நேரம் இருந்தால் மாமியாரை ஜெயிக்கத் தைரியம் இருக்காது. அந்த இரண்டாவது ஆளாகத்தான் நான் காலம் தள்ளினேன். திரை போட்ட மாட்டு வண்டி வந்து நிற்கும், ஏறிக்கொள்வேன். போகிற வழியெல்லாம் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறுகிற வாசனை வரும். அது பழகியவர்களுக்குத் தூக்கம் வரவழைக்கிற வாசனை. பாதி வழி கண்ணை மூடிக்கொண்டே போவேன்.

என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறுகிற குழியில் வேலை செய்தார். என் வீட்டுக்காரரும் அங்கேதான். காய்ச்சலில் அவர் போனபோது எனக்குப் பிள்ளை இல்லை, வயதும் அதிகம் இல்லை. சபையில் இருந்த வெள்ளைக்கார அம்மா எனக்காகச் சொல்லி, ஷாப்புக்காரர் வீட்டில் இடுப்பில் அடிபட்டுக் கிடந்த பெரிய பீபிமாவைப் பார்த்துக்கொள்ளச் சேர்த்துவிட்டார்கள். பெரிய பீபிமாவும் விதவை. அவருடைய கணவர் உயிரோடு இருந்தவரை தினமும் மத்தியானம் இரண்டு பேரும் ஆடுவார்களாம். நான் போன முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எண்ணத் தெரியுமா?"

"தெரியும்."

"பேசாம உக்காரத் தெரியுமா?"

நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன்.

"போதும், நீ கத்துக்குவே" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் பல வருஷம் தோற்றேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

பெரிய பீபிமா குரலை உயர்த்தமாட்டார். எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார். இஷ்டமில்லாத கேள்வி கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆட்டத்தில் அவர் வைத்திருந்த முறைகளை நான் அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் பிறகு போன எல்லா வீடுகளிலும் கொஞ்சம் முன்னே பின்னே அதே முறைகள்தான்.

மதியத் தொழுகை முடிந்து, சாப்பிட்ட கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் ஆட்டத்துணியைத் தொடலாம். தடித்த சிவப்புத் துணி அது. கட்டங்கள் கறுப்பு நூலில் தைத்தவை. காற்றில் சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் ஆளுக்கு இரண்டாகக் கடுக்காய் வைப்போம். தோல் பதனிடக் கடுக்காய் வாங்குகிற வீட்டில் அதற்கா பஞ்சம்? காய்கள் பச்சையும் சிவப்பும். வந்தவருக்குப் பச்சை, முதல் நகர்த்தலும் அவருக்கே. தொட்ட காயை நகர்த்த வேண்டும். வெட்டிய காயை மெதுவாக எடுத்துப் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். கையில் வைத்து உருட்டினால், "மையத்தை வச்சு யாராவது விளையாடுவாங்களா?" என்பார். மையத்து என்றால் பிணம். எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வைத்தால் "ஷா" என்று ஒருமுறை சொல்லலாம், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பந்தயம் கிடையாது. சாயங்காலத்துக்கு முந்தின அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் எந்த நிலையில் இருந்தாலும் ஆட்டம் நிற்கும். மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிட்டு எழுந்துவிடுவோம், மீதி மறுநாள்.

இன்னொன்று உண்டு. துணி விரித்த அறையில் இருக்கிற யாரையும் வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆடுகிறவரானாலும் சரி, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவரானாலும் சரி. கூப்பிட்ட குரலில் ஆட்டம் கலைந்துவிடும் என்பார்கள். அந்த அறையிலிருந்து நடுவில் எழுந்து போவதும் மரியாதை இல்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் இந்த வழக்கத்துக்கு மதிப்பு இருந்தது. வீட்டு எஜமானரே வாசற்படியில் வந்து நின்று, துணியைப் பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம், எதிராளியின் தொல்லை.

வாணியம்பாடியில் ஒரு அம்மா முனகுவார். பாட்டு என்றால் முழுப் பாட்டு இல்லை, பாதி வரிதான். அந்தப் பாதி வரியைத் திரும்பத் திரும்ப முனகுவார். மீதி வரி எப்போது வரும் என்று காத்திருந்தே நான் யானையைப் பறிகொடுப்பேன். பேர்ணாம்பட்டில் அக்காவும் தங்கையும். தங்கை ஆடுவாள், அக்கா பின்னால் உட்கார்ந்து இருமுவாள். ஒரு இருமல் என்றால் வேண்டாம், இரண்டு இருமல் என்றால் வை. இன்னொரு வீட்டில் ஒரு பெண் காய்களின்மேல் கையைப் பருந்து மாதிரி வட்டமடிக்க விடுவாள். தொடவேமாட்டாள். அந்தக் கையின் நிழல் என் ராஜாவின்மேல் போய்ப் போய் வரும். எனக்குப் பாதி ஆட்டத்தில் தலை சுற்றும். ஒருவர் காயை வைத்ததும், "ஐயையோ, தப்பா வச்சிட்டேனே!" என்று மாரில் அடித்துக்கொள்வார். முதல் தடவை நம்பி என் மந்திரியை இழந்தேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் முந்தானை பட்டதுபோல் காய்களைச் சரித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த வீடுகளில் முந்தானைக்குக் கண் உண்டு.

ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல் பெரிய பீபிமாவிடம் சொன்னேன், வாணியம்பாடி அம்மா முனகுகிற முனகலில் எனக்குக் காய் கண்ணில் படவில்லை என்று.

"அவ தொண்டை அவளுது. உன் காது உன்னுது. நீ காயைப் பாரு" என்றார்.

"சொல்லிப் பாக்கலாமா பீபிமா?"

"சொன்னா நிறுத்துவா. அப்புறம் நிறுத்திட்டாளா நிறுத்திட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருப்பே. அது ஜாஸ்தி தொல்லை."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "நீ மட்டும் இன்னா? நீ மூச்சு விடறதே கேக்கறதில்ல. தலையைக் குனிஞ்சா நிமிர்றதில்ல. எனக்கு எவ்ளோ பேஜாரா இருக்கும் தெரியுமா? கப்ருல உக்காந்து ஆடற மாதிரி."

கப்ரு என்றால் கல்லறைக் குழி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து காயை எடுப்பதற்கு முன்னால் கேட்கும்படியாக ஒரு மூச்சு விடப் பழகிக்கொண்டேன். இப்போதும் குழாயடியில் செம்பை எடுக்கும்போது அந்த மூச்சு வந்துவிடுகிறது.

இனி ரஹ்மத் விஷயம். என் உத்தியோகத்தில் கஷ்டமான ஆட்டம் என்றால் அதுதான்.

ரஹ்மத் பெரிய பீபிமாவின் கடைசிப் பெண். வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு ஆம்பூர் வந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, அவள்தான் எழுந்திருக்கவில்லை. ரத்தம் நிறையப் போய்விட்டது. உதடு வெளுத்து, இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பார்க்க வந்த டாக்டரம்மா, "ராத்திரியில பிள்ளை தூங்க விடாது. மத்தியானமாவது இந்தப் பொண்ணு கட்டாயம் தூங்கணும். இல்லாட்டி இந்த உடம்பு தாங்காது" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் நாற்பது நாள் கழிந்தால் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். நிறுத்தி வைத்தால் பேச்சு வரும்.

அந்த வீட்டை நினைத்து எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு மருமகள், பிள்ளைக்குப் பல் முளைப்பதற்கு முன்னால் இறந்துபோயிருந்தாள். பலவீனம் என்றார்கள். என்ன வேலை செய்தாள், எப்போது படுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று பெரிய பீபிமா என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் கூடப் போ."

"பிள்ளையைப் பாத்துக்கவா பீபிமா?"

"பிள்ளையைப் பாக்க அங்க ஆள் இருக்கு. சம்பந்தி கமரு சதுரங்கம் ஆடுவா. எதிர்ல ஆள் இல்லன்னு சொல்லிட்டிருந்தா. போய் ஆடு."

"நான் ஆடுனா ரஹ்மத்துக்கு இன்னா ஆவும்?"

"போய் ஆடுன்னேன்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா. ரஹ்மத் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். பிள்ளை என் மடியில். வண்டி லாங் பஜாருக்குள் நுழைந்து மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் நின்றபோது, "சாந்தக்கா, வந்துட்டோமா?" என்று கேட்டாள். வந்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரஹ்மத்தின் மாமியார் கமர் பீபி பெரிய உடம்புக்காரர், பெரிய குரல். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எட்டுப் பிள்ளை பெற்று, பெற்ற மூன்றாம் வாரம் உலக்கை பிடித்தவர். மத்தியானத்தில் ஒரு பெண் படுப்பாள் என்பது அவர் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. டாக்டரம்மா சொன்னதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "நாங்கல்லாம் பெக்கலியா? அந்த டாக்டரம்மா பெத்திருக்குதா?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் பகல் முழுவதும் ஒரு பேர்தான் கேட்டுக்கொண்டிருக்கும். "ரஹ்மத், வெங்காயம் உரி!" "ரஹ்மத், துணி காஞ்சிருச்சா பாரு!" "ரஹ்மத்!" முக்கால்வாசி கூப்பிடுவது மூத்த மருமகள் ஹாஜிரா. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய அடுப்படியை அவள் ஒருத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "படுத்தாக்கூடத் தூக்கம் வரல அக்கா. கண்ணை மூடுனா யாராவது கூப்பிடுவாங்களோன்னே இருக்கு."

வந்த இரண்டாம் நாள் மத்தியானம் கமர் பீபி துணியை விரித்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

அம்மாடி, அப்படி ஒரு எதிராளியை நான் கண்டதில்லை. முனகல், பருந்துக் கை, பொய்ப் புலம்பல், நான் மேலே சொன்ன தொல்லைகளெல்லாம் அவரிடம் ஒரே இடத்தில் இருந்தன. போதாததற்கு வெட்டிய காயை வெற்றிலைப் பெட்டியின் பித்தளை மூடியில் தட்டிக்கொண்டே இருப்பார். டக், டக், டக். நான் யோசிக்கிறபோது, "குதிரையைத்தானே வைக்கப் போறே, வை" என்பார். நான் குதிரையைத்தான் வைக்க நினைத்திருப்பேன், அதற்கப்புறம் எப்படி வைப்பது? அவருடைய ஆட்டம் கோடை மழை மாதிரி, சடசடவென்று வந்து முடிந்துவிடும். நிதானம் என்றால் அவருக்குப் பிடிக்காது.

முதல் ஆட்டம் நடக்கும்போது ரஹ்மத் சர்பத் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோரம் சற்று உட்கார்ந்தாள். உடனே அடுப்படியிலிருந்து, "ரஹ்மத்!" என்று ஹாஜிராவின் குரல்.

கமர் பீபி காயைத் தட்டுவதை நிறுத்தினார். "யாருடி அது? துணி விரிச்சிருக்கறது தெரியல? ஆட்டம் நடக்கற எடத்துல பேர் சொல்லிக் கூப்புட்றது எந்த ஊரு வழக்கம்?" என்று வீடு அதிரக் கத்தினார். அதிகம் சத்தம் போடுகிறவர்களுக்குத்தான் அடுத்தவர் சத்தம் ஆகாது. பிறகு ரஹ்மத்தைப் பார்த்து, "நீ எழுந்திருக்காத. ஆட்டம் முடியட்டும்" என்றார். அவர் கவலை ரஹ்மத்துக்காக இல்லை, ஆட்டத்துக்காக.

அடுப்படி அடங்கிவிட்டது. ரஹ்மத் தூணில் தலையைச் சாய்த்தாள். நான் அடுத்த காயை வைத்து நிமிர்ந்தபோது தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆம்பூரை விட்ட பிறகு அவள் முகத்தில் பயம் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் கமர் பீபி சீக்கிரமே என்னைத் தோற்கடித்துவிட்டு, "முடிஞ்சுது. எழுந்து போய் வேலையைப் பாருங்க" என்று துணியை மடித்தார். ரஹ்மத் திடுக்கிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் தடுமாறித் தூணைக் கட்டிக்கொண்டாள்.

பெரிய பீபிமா என்னை ஏன் அனுப்பினார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அல்லது அவர் ஒன்றும் நினைக்காமலே அனுப்பியிருக்கலாம், எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. அவரிடம் நான் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து நான் மெதுவாக ஆடினேன்.

மெதுவாக என்றால் உங்களுக்குப் புரியாது. ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதற்குள் தெருவில் மாட்டு வண்டி போய், சத்தமும் போய், தூசியும் அடங்கிவிடும். எதிராளியின் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டே சம்பாதித்த நான், அந்த வீட்டில் எதிராளிக்குத் தொல்லை ஆனேன். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு அது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் காத்திருக்கிறார், நம்மையே பார்க்கிறார் என்று தெரிந்தால் எனக்குக் காது சிவந்துவிடும். அந்தச் சிவந்த காதோடு உட்கார்ந்திருந்தேன்.

"கையில கல்லு முளைச்சிருச்சா?" என்பார் கமர் பீபி.

"யோசிக்கறேன் பீபிமா."

"நீ யோசிக்கறதுக்குள்ள நான் ஏலகிரி ஏறி எறங்கிருப்பேன்."

இன்னொரு நாள், "திருப்பத்தூரு சந்தைக்கு நடந்தே போய் ஆட்டுக்கு வெலை பேசிட்டு வந்தாலும் இவ இந்த ஒட்டகத்தை வச்சிருக்க மாட்டா" என்றார். டக், டக், டக் என்று பித்தளை மூடி. "உங்க ஆம்பூருல இப்படித்தான் ஆடுவீங்களா? அதான் உங்க பீபிமாவுக்கு இடுப்பு விழுந்துருச்சு."

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன்.

அவ்வளவு நேரமும் என்ன யோசித்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. முதலில் காய்களைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்கச் சிவப்புத் துணி அகன்றுகொண்டே போகும். கட்டங்களின் கறுப்புக் கோடுகள் பாலாற்று மணலில் விழுந்த வண்டிச் சுவடுகள் ஆகிவிடும். தண்ணீர் இல்லாத பாலாறு, வெயிலில் வெள்ளையாக. அக்கரையில் குச்சி அடித்துக் காயப்போட்ட தோல்கள். அப்பா அங்கே நிற்பார், கை மணிக்கட்டு வரை பட்டைச் சாற்றின் நிறம். என் வீட்டுக்காரர் குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். அவர் பக்கத்தில் வருவதற்குள் எங்கேயோ டக், டக் என்று கேட்கும். அக்கரையில் யாரோ தோலை அடிக்கிறார்கள் என்று நினைப்பேன். பிறகுதான் அது கமர் பீபி என்று தெரியும். ஜன்னல் கம்பியின் நிழல் என் யானையைத் தாண்டிப் போயிருக்கும். தூணோரத்தில் ரஹ்மத்தும், தூளியில் பிள்ளையும், ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தத் தட்டல் அவர்களை எழுப்பவில்லை. தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது.

இப்படியே ஆட்டங்கள் அஸர் பாங்கு வரை இழுத்தன. மத்தியானந்தோறும் ரஹ்மத்துக்குத் தூக்கம் கிடைத்தது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. ஆனாலும் படியில் சுவரைப் பிடிப்பது நிற்கவில்லை. இன்னும் பல நாள் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஹாஜிராவின் முகம் கறுத்துக்கொண்டே வந்ததும் தெரிந்தது.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி. முகமெல்லாம் வேர்வை.

"மாமி, நான் பேர் சொல்லிக் கூப்பிடல. வந்துதான் சொல்றேன். இந்த அம்மா வேணும்னே இழுக்குது."

கமர் பீபி நிமிர்ந்தார். "இன்னா இழுக்குது?"

"ஆட்டத்தைத்தான். இவ தூங்கணும்னு அது இழுக்குது. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்க ஒருத்தர்தான் காயையே பாத்துக்கிட்டிருக்கீங்க. அடுப்படியில நான் ஒருத்தி. எனக்கும் இடுப்பு இருக்கு மாமி."

ரஹ்மத் விழித்துக்கொண்டாள். எழுந்திருக்கவும் துணிச்சல் இல்லை, படுத்திருக்கவும் துணிச்சல் இல்லை, தரையில் கையை ஊன்றியபடி பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். அந்தத் துணியின் ஒரு கட்டத்துக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ள முடியுமானால் நுழைந்திருப்பேன்.

கமர் பீபி என்னைக் கேட்கவில்லை. ரஹ்மத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவளை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு, "துணியை மூடு" என்றார்.

பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முன்னால் அவர் ஆட்டத்தை நிறுத்தியதே இல்லை. நாளைக்கு எனக்கு ஜட்கா வரும் என்று நினைத்தேன். என் புடவைகளை மடித்து வைத்தேன். ரஹ்மத் நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் கமர் பீபி கூப்பிட்டனுப்பினார். போனால், துணி விரித்திருந்தது. நேற்று விட்ட இடத்தில் காய்கள் நின்றன. ரஹ்மத் பழைய தூணோரத்தில் பயந்து உட்கார்ந்திருந்தாள். இன்று ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு என்னை அனுப்பப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உட்கார்ந்தேன்.

"ஹாஜிரா எங்க?" என்றார் கமர் பீபி.

ஹாஜிரா வந்து படியில் நின்றாள்.

"உள்ள வா. உக்காரு."

"உலை வச்சிருக்கேன் மாமி…"

"எறக்கி வச்சுட்டு வா. மத்தியானத்துல யாருக்குடி உலை?"

ஹாஜிரா போய்விட்டு வந்தாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல், மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ரஹ்மத்துக்கு எதிர்த் தூணில் முதுகைச் சாய்த்தாள். வேலை ஓயாத உடம்பு, சாய்ந்ததும் அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

நான் ஆட வேண்டிய முறை. குட்டு வெளிப்பட்ட பிறகு இழுப்பதற்கு எனக்கு முகம் இல்லை. சட்டென்று குதிரையை எடுத்தேன். எங்கே வைத்தாலும் சரி என்று ஒரு கட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"இன்னா அவசரம்?" என்றார் கமர் பீபி.

கை அந்தரத்தில் நின்றது.

"தொட்டது குதிரை. அதை ஆடித்தான் ஆவணும். எங்க வைக்கறதுன்னு யோசிக்கலாமில்ல? யோசி, சாந்தம்மா."

அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு வைத்தேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார். கோடை மழை மாதிரி ஆடுகிறவர், அன்றைக்குத் துணியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை வைத்தார். வெற்றிலை மடித்தார். மடித்ததை வாயில் போடாமல் திரும்பவும் பிரித்தார். நடுவில் ஒருமுறை முற்றத்திலிருந்து அவருடைய மூத்த மகன், "ஹாஜிரா! டீ இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஆட்டம் நடக்குது!" என்றார் கமர் பீபி. முற்றம் அடங்கியது.

மழைக்காலம் முடிவதற்குள் ரஹ்மத் சுவரைப் பிடிக்காமல் மொட்டை மாடிக்கு ஏறித் துணி காயவைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் ஆம்பூர் திரும்பியது அதற்கப்புறம்தான். ஆனாலும் அந்த வீட்டை நினைத்தால் எனக்குக் கண்முன்னால் வருவது அந்த மத்தியானம்தான். இரண்டு தூண்களிலும் இரண்டு மருமகள்கள் தூங்குகிறார்கள். ஹாஜிராவின் கை மடியிலிருந்து நழுவித் தரையில் விரிந்து கிடக்கிறது. தெருவே தூங்குகிற மாதிரி இருக்கிறது. நானும் கமர் பீபியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெயில் தாழ்ந்த பிறகு ரஹ்மத் புரண்டாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மாமி, யாரு ஜெயிச்சாங்க?"

"இன்னும் முடியல" என்றார் கமர் பீபி. "நீ தூங்கு."